பலாவில கிற்றார் செய்தால் என்ன குறையும்?

கிற்றார் என்றால் ரோஸ்வூட்தான் என்று அடம்பிடிக்கிற ஆக்களிடம் ஒரு கேள்வி: தஞ்சாவூர் வீணை எந்த மரம்? மிருதங்கம், தவில்? பலா. நாதமில்லாத மரத்தையா தலைமுறை தலைமுறையாகக் குடைஞ்சவை?

2017 இல் ரோஸ்வூட் இனம் முழுவதையும் சைட்டீஸ் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 2019 இல் செய்துமுடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். விலக்குக் கொடுத்தால் காடு திரும்ப முளைக்குமா?

மேற்பலகைக்கு ஸ்புரூஸ் இருக்கட்டும். முதுகுக்கும் பக்கங்களுக்கும் பலா போதும்.

காய்க்கிற மரத்தைத் தறிக்கச் சொல்லேல்லை. பலா தறிக்க அனுமதி வேணுமென்று இங்கே 1951 இலேயே சட்டம் வந்திட்டுது. இடிச்ச வீடுகளின்ர நிலை, தீராந்தி எல்லாம் வருசக்கணக்காக் காய்ஞ்ச பலா. அதையெல்லாம் அடுப்பில வைச்சிட்டு, வெளிநாட்டுப் பலகைக்குக் காசு கட்டுறதை நாங்கள் ரசனை என்று சொல்லமாட்டம்.