இரு கரைக்கும் ஒரே கணக்கு



தமிழ் மன்ற மலர் என்றால் கதை இருக்கும், கவிதை இருக்கும். இவன் ஏன் அல்ஜீப்ராவைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்று முகம் சுளிக்காதீர்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் கணிதப் பிரிவின் வாசல் வரை வந்து திரும்பிப் போனதை நான் கண்ணால் கண்டவன். அவர்களைத் திருப்பி அனுப்பியது அறிவுக் குறைவன்று. ஒரு மூவுறுப்புக் கோவை!

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்த வழக்கை மீண்டும் கிளறுவது என் நோக்கமன்று. ஆனால் கோடு கிழித்தவர்கள் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையிலும் ஒரு கோடு விழும் என்று எண்ணியிருப்பார்களா?

அக்காள் வீடு களியக்காவிளையில், தம்பி வீடு இஞ்சிவிளையில். அக்காள் மகனுக்கு அது ‘இருபடிச் சமன்பாடு’. தம்பி மகனுக்கு ‘ரண்டாம் கிருதி சமவாக்கியம்’. இவனுக்குப் ‘பல்லுறுப்புக் கோவை’, அவனுக்குப் ‘பஹுபதம்’. சொல் வேறானால் போகட்டும்; வழியும் வேறு. தமிழ்நாட்டுப் பிள்ளை நடு உறுப்பைப் பிரிக்கிறான். கேரளத்தில் நான் படித்த பத்தாம் வகுப்புப் புத்தகமோ செவ்வகத்தின் சுற்றளவு, பரப்பளவு என்று தொடங்கி வர்க்கத்தை நிறைவாக்கக் கற்பித்தது. பத்தாம் வகுப்பை இங்கே முடித்துப் பதினொன்றாம் வகுப்புக்கு எல்லை தாண்டுகிறவனிடம், “நடு உறுப்பைப் பிரிக்கத் தெரியாதா?” என்று கேட்டால் விழிக்கிறான். வகுப்பு சிரிக்கிறது. அடுத்த வாரம் வேறு பிரிவுக்கு மனுப் போடுகிறான்.

சிரிக்கத்தக்கது அவன் அறிவா? பார்ப்போம். தெரியாத எண்ணை ‘அ’ என்க.

ஒரு விளை. சுற்றி வேலி கட்ட 60 மீட்டர். பரப்பு 221 சதுர மீட்டர், நம்மூர்க் கணக்கில் ஏறத்தாழ ஐந்தரை சென்ட். நீளமும் அகலமும் என்ன? கோவை: அ² − 30அ + 221. கூட்டினால் 30, பெருக்கினால் 221 வரும் இரண்டு எண்கள் வேண்டும். பிரிக்கிறவன் 221க்குக் காரணி தேடுகிறான். 3 இல்லை, 7 இல்லை, 11 இல்லை... மணி அடித்துவிடும். மற்றவனோ 30இல் பாதி 15 என்கிறான். 15இன் வர்க்கம் 225. அதில் 221 போக 4. அதன் மூலம் 2. எண்கள் 13, 17. முடிந்தது!

இது புதுமையுமன்று. கூட்டுத்தொகையும் பெருக்கற்பலனும் தந்து எண்களைக் கேட்கும் கணக்கு ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மெசொப்பொத்தேமியக் களிமண் பலகைகளில் உண்டு. வர்க்கம் நிறைவாக்கும் ஸ்ரீதரரின் விதியை 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் எடுத்துக் காட்டினார். பாதியிலிருந்து கூட்டிக் கழிக்கும் இந்த வழியை 2019இல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் போ ஷென் லோ மீண்டும் எடுத்துச் சொன்னபோது உலகமே வியந்து பார்த்தது. காரணியாக்கிச் சுழிக்குச் சமப்படுத்தும் முறை ஆங்கிலேயர் தாமஸ் ஹாரியட் எழுதி, அவர் மறைந்தபின் 1631இல் வெளிவந்த நூலில் காணப்படுவது. வயதில் எது மூத்தது என்று நீங்களே பாருங்கள்.

இன்னொன்று. அ² + 7அ + 12 எளிதாய்ப் பிரியும். அந்த 7க்குப் பதிலாக 1 முதல் 20 வரை ஒவ்வோர் எண்ணாய் வைத்துப் பாருங்கள். முழு எண்களாய்ப் பிரிவது 7, 8, 13 என்ற மூன்றே மூன்று இடத்தில்! மற்றப் பதினேழும் புத்தகத்தில் வருவதில்லை. பிரிவதை மட்டும் பொறுக்கி வைத்துவிட்டு, எல்லாம் பிரியும் என்று பிள்ளையை நம்ப வைக்கிறோம். 9 வந்தால்? நாலரையின் வர்க்கம் 20.25, 12 போக 8.25. அது முழு வர்க்கமன்று, ஆகவே முழு எண்களில் பிரியாது என்று பாதி வழி அங்கேயே சொல்லிவிடும். சொல்லிவிட்டு விடையையும் தரும்.

“பிரித்துப் பார்ப்பதில்தான் எண்ணோடு பழக்கம் வரும்” என்று என் அறைத் தோழர் வாதிடுகிறார். ஒப்புக்கொள்கிறேன். சிறிய எண்களில் அந்த வேகம் எனக்கும் பிடிக்கும். ஆனால் இரண்டும் பகையா என்ன? 6அ² + 7அ − 20 என்பதை எடுங்கள். 6ஐயும் −20ஐயும் பெருக்க −120. கூட்டினால் 7 வர வேண்டும். பாதி 3.5, அதன் வர்க்கம் 12.25, −120ஐக் கழிக்க 132.25, மூலம் 11.5. எண்கள் 15, −8. இனி நடு உறுப்பைப் பிரியுங்கள்: 6அ² + 15அ − 8அ − 20. அதாவது (2அ + 5)(3அ − 4). இஞ்சிவிளைக்காரன் எண்ணைக் கண்டான், களியக்காவிளைக்காரன் கோவையைப் பிரித்தான்!

இரண்டு அரசுகளும் கூடிப் பாடத்திட்டத்தை ஒன்றாக்கும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோடை விடுமுறையில் பத்தே நாள் போதும். இரு புத்தகங்களையும் ஒரே பெஞ்சில் விரித்து, இரண்டு சொல்லையும் இரண்டு வழியையும் எல்லைப் பிள்ளைகளுக்கு நம் மன்றமே சொல்லித் தரலாம். கணிதம் படிக்கும் நண்பர்கள் நால்வர் வேண்டும். மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவராவது அதில் இருக்க வேண்டும். பாறசாலைப் பக்கம் ஒரு வாசகசாலைத் திண்ணை கிடைத்தாலும் சரிதான். கரும்பலகையும் சாக்குக்கட்டியும் நான் கொண்டுவருகிறேன். பெயர்களை மன்றச் செயலாளரிடம் தேர்வுக்கு முன்னரே கொடுத்துவிடுங்கள்.