வீடு மாற்ற வீடு மட்டும் போதுமா?

கோடை விடுமுறை வந்தால் ஓர் அறிவுரையும் கூடவே வந்துவிடுகிறது. "ஓட்டலுக்கு ஏன் தண்டம் அழுகிறீர்கள்? ஹோம் ஸ்வாப் செய்யுங்கள். உங்கள் வீட்டில் அவர்கள், அவர்கள் வீட்டில் நீங்கள். வாடகையே இல்லை." இதை முதலாளித்துவத்துக்கு மாற்று என்று பகிரும் தோழர்களும் உண்டு. அவர்களிடம் ஒரே கேள்வி: யாருக்கு இலவசம்?

1953இல் ஐரோப்பியப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் இன்டர்வாக் அமைப்பைத் தொடங்கினார்கள். கையில் காசு குறைவு, விடுமுறை நீளம். வீட்டை மாற்றிக்கொண்டு ஊர் பார்த்தார்கள். நல்ல யோசனைதான். இங்கே, தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரைச் சுமக்கும் விம்கோ நகருக்கு 2021இல் மெட்ரோ வந்தது. ஒற்றை அறையில் ஐந்து பேர் படுக்கும் வாடகை வீடுகள் அப்படியேதான் இருக்கின்றன. அந்த அறையை யாரிடம் கொடுத்து எதை வாங்குவது? வீட்டு உரிமையாளர்தான் விடுவாரா?

சரி, படித்து, வேலைக்குப் போய், கடன் வாங்கி, சொந்த வீடும் கட்டியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். வீட்டை மாற்றுவது என்றால் அடுப்படியையும் மாற்றுவது. சாதி குடியிருக்கும் இடமே அதுதான். மாட்டுக்கறி வெந்த குக்கர் இருக்கும் வீட்டுக்குக் குடும்பத்தோடு வந்து தங்க எத்தனை பேர் தயார்? சுகதேவ் தோரட் குழுவினர் டெல்லி வட்டாரத்தில் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. வாடகைக்கு வீடு தேடிய தலித்துகளும் முஸ்லிம்களும் பெயராலேயே ஒதுக்கப்பட்டதை அது காட்டியது. காசு கொடுப்பவருக்கே இந்தக் கதி. காசில்லாமல், நம்பிக்கையை மட்டும் வைத்து நடக்கும் ஏற்பாட்டில் என்ன நடக்கும்? "மன்னிக்கணும், தேதி ஒத்துவரலை" என்று ஒரு வரி பதில் வரும். எந்த நீதிமன்றத்தில் அதை நிரூபிப்பது?

1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப்போன அம்பேத்கர் ஒரு பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்த கூட்டம் அவரை விரட்டியது. இதை எல்லோரும் சொல்வோம். அதற்கடுத்து நடந்ததை மறந்துவிடுகிறோம். தங்க இடம் கேட்டு அவர் இரண்டு நண்பர்களிடம் போனார். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். யாரும் தடி எடுக்கவில்லை. வேலைக்காரர்களையும் மனைவியையும் காரணம் காட்டி நாசூக்காகக் கைவிரித்தார்கள். அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

விடுதிக் கதவை உடைக்கச் சட்டம் செய்ய முடிந்தது. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு ஓட்டலைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஓட்டல்' என்பதற்குள் லாட்ஜும் அடக்கம். சாதியைக் காரணம் காட்டி அறை மறுத்தால் சிறைத் தண்டனை உண்டு. ஓட்டல்காரர் எல்லாம் யோக்கியர் என்று நான் சொல்லவில்லை. மறுத்தால் புகார் எழுத நமக்கு ஒரு பிரிவு இருக்கிறது என்கிறேன். நண்பரின் வீட்டுக் கதவுக்கு எந்தப் பிரிவும் கிடையாது.

"லாட்ஜுக்குக் கொடுக்கக் காசு?" நியாயமான கேள்வி. அதற்குப் பதிலை அரசிடம்தான் கேட்க வேண்டும். சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஊர் ஊராகத் 'தமிழ்நாடு' ஓட்டல் நடத்துகிறதே, அதில் மாணவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் எட்டுகிற கட்டணத்தில் படுக்கை கேட்போம். மாவட்டம்தோறும் இளைஞர் விடுதி கேட்போம். ஓய்வும் சம்பளத்தோடு விடுமுறையும் உரிமை என்று 1948இன் மனித உரிமைப் பிரகடனமே 24ஆம் பிரிவில் சொல்லியிருக்கிறது.

நமக்குள் வீட்டைப் பகிர்வதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கறுப்பின மக்களும் அதைச் செய்தார்கள்; 1936இல் தொடங்கிய 'கிரீன் புக்' ஓட்டல்களோடு தங்க இடம் தரும் வீடுகளையும் பட்டியலிட்டது. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. 1964இல் ஓட்டல் கதவைத் திறக்கும் சட்டத்தைப் போராடி வாங்கினார்கள்.

ஊர் பார்க்கப் போங்கள் தோழர்களே. கட்டாயம் போங்கள். லாட்ஜில் சொந்தப் பெயரை எழுதுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள்.