தடித்த எழுத்தில் டி.எஸ்.ஹெச்... பதறணுமா?

லேப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம் கண் முதலில் தேடுவது தடித்த எழுத்தைத்தான். டி.எஸ்.ஹெச் 6 என்றிருந்தால் போதும், 'தைராய்டு வந்துடுச்சு' என்று வீடே கலங்கிவிடும்.

பக்கத்தில் அச்சாகியிருக்கும் 'நார்மல்' அளவு எப்படி வந்தது தெரியுமா? ஆரோக்கியமானவர்கள் பலரைப் பரிசோதித்து, அவர்களில் நடுவில் வரும் 95 சதவிகிதம் பேரின் அளவை எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது, நோயே இல்லாத 20 பேரில் ஒருவர் அந்தக் கோட்டுக்கு வெளியேதான் இருப்பார்.

டி.எஸ்.ஹெச் பொதுவாக 0.4 முதல் 4 வரை இருந்தால் நார்மல் என்பார்கள். 80 வயதுப் பாட்டிக்கு 6 என்பது வயதோடு வரும் இயல்பான ஏற்றமாக இருக்கலாம். அதே 6, கர்ப்பிணிப் பேத்திக்கு என்றால் தள்ளிப்போடவே கூடாது. முதல் மூன்று மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம்.

பாட்டியின் எண்ணை இறக்குவதற்காக மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனால் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பும் பலவீனமாகலாம்.

சர்க்கரையிலும் இதே கதைதான். ஹெச்பிஏ1சி 7-க்குள் என்பது பலருக்கான இலக்கு. அடிக்கடி லோ சுகர் ஆகும் முதியவருக்கு 8 வரை டாக்டரே விட்டுக்கொடுப்பதுண்டு.

அடுத்த முறை டாக்டரிடம் 'நார்மலா?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'என் வயசுக்கு, என் உடம்புக்கு எவ்வளவு இருக்கணும்?' என்று கேளுங்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். தைராய்டு டெஸ்ட் முடிவையே அது மாற்றிக் காட்டலாம்!