பைய நடங்க, மலை தெரியுது!

இலையுதிர் காலம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? காலண்டரில் பார்த்த வெளிநாட்டுச் சிவப்பு மரங்கள்தானே? நம்ம பக்கம் அதெல்லாம் கிடையாதுங்க. நமக்கு இது கூதிர் காலம். ஐப்பசியும் கார்த்திகையும். கம்பம் பள்ளத்தாக்கில் அதை மரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. காதால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனி, ஆடியில் மலை இடுக்கு வழியாகப் புகுந்து, வாழையைச் சாய்த்து, ராத்திரியெல்லாம் இரைந்துகொண்டிருந்த காற்று ஒரு நாள் பட்டென்று அடங்கிவிடும். விடிந்தால் மேகமலை மடிப்பு மடிப்பாகத் தெரியும். சாயங்காலம் இடி இடித்து மழை. அவ்வளவுதான், ஐப்பசி வந்தாச்சு!

எங்கள் அம்மா இரண்டு ஐப்பசியைப் பார்க்கவே இல்லை. அப்பா போனதிலிருந்து வாசல்படி தாண்டவில்லை. டி.வி., மாத்திரை, தூக்கம். சர்க்கரை 280-ஐத் தொட்டது. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, "தினமும் நடங்கம்மா" என்றார். "நடந்து எங்க போக? யாரு இருக்கா?" என்று கேட்டார் அம்மா. அதற்கு டாக்டரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. நானோ சர்க்கரை வியாதி பற்றிப் படித்ததையெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இப்படிப் பிரசங்கம் செய்தால் எந்தத் தாய்தான் செருப்பை மாட்டுவார், சொல்லுங்கள்?

கடைசியில் அம்மாவைக் கிளப்பியது பக்கத்து வீட்டுப் பெண். ஏலக்காய் எடுக்க ஜீப்பில் கேரள மலைக்குப் போகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "பெரியம்மா, வாய்க்கால்ல தண்ணி தளும்பிப் போகுது, பாக்க வாரீகளா?" என்றாள். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அம்மா எழுந்து போனார்!

பெரியாறு அணைத் தண்ணீர் 1895-லிருந்து மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிறது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அதுதான் உயிர். அம்மாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கரையில் உட்கார்ந்து காலை நனைத்தார். ரோட்டில் காயப்போட்ட முதல் போக நெல்லின் வாசனை, அறுத்த வயலில் கொக்குக் கூட்டம். திரும்பும்போது ஒரு திராட்சைப் பந்தல். பன்னீர்த் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்ச் சரக்கு. மற்ற இடங்களில் சீசனுக்குத்தான் காய்க்கும், இங்கே வருஷமெல்லாம் அறுவடை. தோட்டக்காரர் ஒரு கொத்து கொடுத்தார். அம்மா ஒரு பழத்தை நசுக்கி மோந்து பார்த்துவிட்டு, "உங்கப்பா சட்டையில இந்த வாசந்தேன் அடிக்கும்" என்றாராம். இரண்டு வருஷத்தில் அவர் அழாமல் அப்பாவைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான்.

(சர்க்கரைக்காரர்கள் திராட்சை தின்னலாமா என்று கேட்பீர்கள். அளவுதான் முக்கியம். பத்துப் பழத்தோடு நிறுத்தினார் அம்மா. கொத்தோடு உட்கார்ந்தவள் நான்!)

2003-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களைப் பத்து வாரம் எழுதவைத்தார்கள். வாரம் ஒரு முறை, நன்றியோடு நினைக்கும் விஷயங்கள், ஐந்து வரை. தொல்லைகளை எழுதியவர்களைவிட இவர்கள் வாழ்க்கையில் அதிக திருப்தி சொன்னார்கள், உடம்பு உபாதை குறைவாகச் சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் இதை வீட்டுப்பாடம் மாதிரி ஆக்குவதில் எனக்கு இஷ்டமில்லை. ஐப்பசி மழையை நோட்டில் குறித்துத்தான் ரசிக்க வேண்டுமா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 'சின்னச் சின்ன சந்தோஷம் போதும்' என்பதை வயிறு நிறைந்தவர்கள் சொல்வது சுலபம். அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் வெள்ளன எழுந்து, ஆளுக்கு மேல் ஆளாக அடைத்த ஜீப்பில் மெட்டு ஏறுகிறாள். "சாயங்காலம் இறங்கயில ஒரு வளைவுல நம்ம ஊரு பூராம் தெரியும்க்கா. அப்ப மூச்சு வரும்" என்கிறாள். அந்தக் காட்சி அவளுக்குச் சொந்தம். அதைக் காட்டி அவள் கூலியையும் ஜீப் பயணத்தின் ஆபத்தையும் யாரும் மறைக்கக் கூடாது.

நீங்களும் வீட்டில் யாரையாவது வெளியே கூட்டிப்போக நினைத்தால், சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிஷ நடை போதும். அந்த நேரத்து நடை சர்க்கரை ஏறுவதைக் குறைக்கும். மழைக்காலம், சேறு. சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். திரும்பி வந்ததும் விரலிடுக்கு வரை துடைத்து, காயம் இருக்கிறதா என்று பாருங்கள். (வாய்க்காலில் கால் நனைத்த அம்மாவுக்கும் இது பொருந்தும், கேட்கத்தான் மாட்டார்.) இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது வாய்க்கால்கரையில் தீராது. டாக்டரிடம் போங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. மாத்திரை மாற்றியதாலா, நடையாலா, எனக்குத் தெரியாது. மாத்திரை நிற்கவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் சத்தம் கேட்கிறது:

"ஏத்தா, அந்தப் போனை உள்ள வச்சிட்டு வா. மேக்க கருக்குது, மழைக்கு முன்னாடி போயிட்டு வந்துருவோம்!"