சுமைக்கூலியில் விலைப்போட்டி வேண்டாம்

அரசு அலுவலகத்தை இடம் மாற்றும் வேலைக்கு டெண்டர் கேட்கும்போது ஏற்றுகூலியையும் இறக்குகூலியையும் மொத்த விலைக்குள் புதைக்காமல் தனிப் பத்தியாகக் காட்ட வேண்டும், அந்தப் பத்தியில் யாரும் விலை குறைத்துப் போட்டியிடக் கூடாது என்பது திருவனந்தபுரம் ஆரியசாலையில் லாரியும் பேக்கிங்கும் நடத்தும் எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு. வண்டி வாடகை, அட்டைப்பெட்டி, மேற்பார்வை இவற்றில் போட்டி இருக்கட்டும். அங்கேதான் சாமர்த்தியத்துக்கு இடமுண்டு. கூலி அப்படியல்ல. 1978ஆம் ஆண்டுக் கேரள சுமட்டுத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவர்களுக்கு இன்ன சுமைக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்ட கூலி உண்டு. டெண்டரை எவர் எடுத்தாலும் அந்தத் தொகை ஏறக்குறைய ஒன்றுதான். அதைக் குறைத்துப் போடுகிறவர் கணக்குத் தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது பிறகு வேறு வழியில் ஈடுகட்ட நினைப்பவராக இருக்க வேண்டும்.

‘அலுவலகப் பொருட்கள், மொத்தம்’ என்று ஒற்றை வரியில் விலை கேட்டால் என்ன ஆகிறது? இரும்பு அலமாரி காலியாக இறங்குமா, கோப்புகளோடு இறங்குமா என்பது தெரியாது. லிஃப்டுக்குள் நுழையாத அலமாரியை மூன்று மாடி இறக்க நாலு ஆள் வேண்டும். படி திரும்புமிடத்தில் ஒருவர் கீழே நின்று பாரத்தைத் தோளில் வாங்க வேண்டும். கோப்புக்கட்டுகளை வாய்வரை அடைத்த பெட்டி தூக்கும்போதே அடி பிய்ந்துவிடும், ஆகவே பாதிதான் நிரப்பலாம், பெட்டி இரட்டிப்பாகும். இதையெல்லாம் நேரில் போய்ப் பார்த்தவர் விலையைக் கூட்டிப் போடுவார். பார்க்காதவர் மிகக் குறைந்த விலைக்காரராக, அதாவது எல்-1 ஆகிவிடுவார்.

தனிக் கூலி என்றால் எண்ணிக்கையை ஊதிப் பெருக்கிவிடுவார்கள், மொத்த விலைதான் கஜானாவுக்குப் பாதுகாப்பு என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். பொதுப்பணித்துறை அளவுப் புத்தகத்தில் அளந்து எழுதித்தானே பில் போடுகிறது? ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் இரு தரப்பும் கையெழுத்திடும் எண்ணிக்கைச் சீட்டு இங்கே அந்த வேலையைச் செய்யும். மிகக் குறைந்த விலைக்கு விளக்கம் கேட்க மத்திய அரசின் கொள்முதல் கையேடுகள் இடம் தருகின்றன, உண்மைதான். ஆனால் ஒற்றை வரி விலையில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது?

இதைவிடக் கனமான ஆட்சேபம் நோக்குகூலி, அதாவது சுமை தூக்காமல் பார்த்து நின்றதற்கே கேட்கும் கூலி, பற்றியது. 2018 மே 1 முதல் கேரள அரசு அதைத் தடை செய்தது. ஆனாலும் 2021 செப்டம்பரில் தும்பா விண்வெளி மையத்துக்குக் கருவி ஏற்றிப் போன வண்டியையே மறித்துப் பணம் கேட்டார்கள். கூலிக்குத் தனிப் பத்தி வைத்தால் இந்த வழக்கத்துக்கு அங்கீகாரம் தந்ததாகாதா? மாறாக, நியாயமான கூலி எண்ணாக எழுதப்பட்டிருந்தால் தொழிலாளர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் காட்ட ஒரு காகிதம் கையில் இருக்கும். அது இல்லாதபோது, வண்டி தெருவில் நிற்க, பேரம் நடைபாதையில் தொடங்குகிறது. வேலை செய்யாதவருக்குக் கொடுத்துவிட்டு அதை வாடகையில் ஒளிக்கும் உறுப்பினரையும் இந்தச் சங்கம் ஆதரிக்காது.

பத்தி வரும்வரை எங்கள் உறுப்பினர்கள் இடத்தைப் பார்வையிட்டு, டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலேயே கேள்வியை எழுத்தில் கொடுப்பார்கள். சாமான் எண்ணிக்கையும் ஆள் கணக்கும் தொழில்நுட்பக் கவரில் இணைக்கப்படும். ரூபாய்க் கணக்கு மட்டும் அதில் இருக்காது. விலை அங்கே தெரிந்தால் கவரே தள்ளுபடி.