தரப்படுத்தலும் படுவான்கரையும்

அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் 2025 ஜனவரியில் பதவியேற்ற கையோடு, அரச அலுவலகங்களில் நடைமுறையிலிருந்த பன்மைத்துவக் கொள்கைகளை ஒழித்தார். ஆட்சேர்ப்பில் பாகுபாடு கூடாதென்று அரச ஒப்பந்தக்காரரைக் கட்டுப்படுத்திய, ஜோன்சன் காலத்து 1965 ஆம் ஆண்டு ஆணையும் அத்துடன் இரத்தாயிற்று. பெரும் நிறுவனங்கள் பலவும் பின்தொடர்ந்தன. 'இனித் திறமைக்கே வேலை' என்று இதனை வரவேற்போருள் நம்மவரும் உளர். அவர்கள் கூறும் நியாயம் ஒன்றே: "தரப்படுத்தலால் அழிந்தவர்கள் நாங்கள். ஒதுக்கீட்டின் கொடுமை எங்களுக்குத் தெரியாதா?"

முழுமையாகத் தெரியாது என்பதே என் வாதம்.

தரப்படுத்தல் என்ற ஒரு சொல்லுக்குள் இரு வேறு காரியங்கள் அடங்கியுள்ளன. 1971 இல் மருத்துவபீடம் புகுவதற்குச் சிங்கள மொழிமூல மாணவனுக்கு 229 புள்ளிகள் போதுமாயிருந்தன. தமிழ் மொழிமூல மாணவனுக்கு 250 வேண்டியிருந்தது. எழுதிய மொழியைப் பார்த்துத் தகுதியை நிர்ணயித்த அந்த அநீதிக்கு எந்த நியாயமும் இல்லை. 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறு. அதனால் யாழ்ப்பாணமும் கொழும்பும் இழந்தன. பல்கலைக்கழகம் சென்ற தமிழரின் மொத்தத் தொகையும் குறைந்தது. ஆனால் மட்டக்களப்பு, மன்னார் போன்ற மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்குக் கதவு சற்றே திறந்ததும் அதனாலேயே. இந்தப் பாதிக் கதையை நமது மேடைகளில் கேட்டவர் மிகச் சிலர். அன்றைய கொழும்பு அரசின் நோக்கம் தூய்மையானது என்று நான் சான்றிதழ் வழங்கவில்லை.

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரை: பட்டினம், பெயர்பெற்ற கல்லூரிகள், ரியூட்டரிகள். மேற்கே படுவான்கரை: வயல், குளம், யானை. மண்முனைத்துறையில் 2014 இல் பாலம் திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலைக்குப் போவோர் 'பாதை' என்று நாங்கள் அழைக்கும் மிதவைக்காகக் கரையிற் காத்து நின்றனர். 1987 இலும் 1991 இலும் படுகொலைகளைக் கண்ட மண் அது. விஞ்ஞான ஆசிரியர் நியமனம் பெற்று வருவார். இடமாற்றம் பெற்றுப் போவார். அங்கிருந்து உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளையையும், கொழும்பில் மூன்று ரியூட்டரிகளுக்குச் செல்லும் பிள்ளையையும் ஒரே வினாத்தாளில் அளந்துவிட்டு, அதற்குத் திறமை என்று பெயர் சூட்டுகிறோம். அளக்கப்படுவதிற் பாதி தகப்பனின் வருமானம்.

இது வெறும் பல்கலைக்கழக விவகாரமுமன்று. எங்கள் மாவட்டத்தில் பெரும் கம்பனிகள் இல்லை. பட்டம்தான் உத்தியோகத்தின் வாசல். அங்கே வடிகட்டப்பட்டவன் வேலைக்கான நேர்முகத் தேர்வு வரை வருவதேயில்லை.

எல்லா ஒதுக்கீடும் நல்லதென்று சொல்பவன் அல்லன் நான். அரச நியமனங்களிலும் பதவி உயர்வுகளிலும் இன விகிதாசாரம் பார்க்கும்படி 1990 இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதனாற் பாதிக்கப்பட்ட ராமுப்பிள்ளை உயர் நீதிமன்றம் சென்று 1991 இல் வென்றார். வெல்ல வேண்டிய வழக்குத்தான் அது. பல்லாண்டு பணியாற்றித் தகுதியை நிரூபித்த ஒருவரை இனக் கணக்கைக் காட்டி நிறுத்துவதும், ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையிலிருந்து வந்தவனுக்கு முதற்படியில் கைகொடுப்பதும் ஒன்றாகா.

கனடாவிலுள்ள நண்பர்களுக்கும் ஒன்று கேட்பேன். வங்கிகள் உட்பட மத்திய அரசின் ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்ட தொழில்தருநர்கள் சிறுபான்மையினரின் வேலைவாய்ப்புத் தடைகளை நீக்க வேண்டுமென்று 1986 இல் அங்கே சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் கூறும் 'வெளிப்படையாகத் தெரியும் சிறுபான்மையினர்' என்ற பிரிவில் நீங்களும் அடக்கம். உங்கள் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது கவனிக்கப்படுவதற்கு ஒரு சட்டமும் துணை நின்றது என்பதை மறைத்துவிட்டு, ஏனையோருக்குத் திறமைப் பிரசங்கம் செய்வது அழகா?

மாவட்ட ஒதுக்கீட்டில் மெய்யான குறை ஒன்றுண்டு. அதை ட்ரம்பின் ஆதரவாளர் எவரும் சொல்வதில்லை. இன்று கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பகிரப்படுகிறது. மட்டக்களப்பின் பங்கை முதலில் அள்ளிக்கொள்ளும் வாய்ப்பு பட்டினத்துப் பிள்ளைகளுக்கே. படுவான்கரையின் பின்னடைவைக் காட்டிப் பெற்ற இடத்தில் எழுவான்கரை அமர்கிறது. மாவட்டத்தை விட்டுக் கல்வி வலயத்தை அலகாகக் கொண்டால் இது குறையும். அதற்கு எங்கள் பட்டினத்துப் பெற்றோரே முதலில் கொடிபிடிப்பர் என்பதும் எனக்குத் தெரியும். ஒதுக்கீடே வேண்டாம் என்போர், படுவான்கரைப் பாடசாலைகளின் கணித, விஞ்ஞான வெற்றிடங்களை எவரைக் கொண்டு, எப்போது நிரப்பப் போகிறார்கள் என்று முதலிற் சொல்லட்டும்.