தண்டவாளம் துடைக்க எந்த பாட்டில்?



சற்று நீளமான பதிவு. வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலருடைய வீடுகளில் இப்போது மின்சாரப் பொம்மை ரயில் ஓடுகிறது. சிலர் ஒரு அறை முழுக்க ஊரும் மலையும் கட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களிடமிருந்து வரும் கேள்வி ஒன்றேதான்: "சார், தண்டவாளம் கறுத்துப்போய் வண்டி நின்று நின்று ஓடுகிறது. எதை வைத்துத் துடைத்தால் நன்றாகப் போகும்?"

இந்தக் கேள்வியையே கொஞ்சம் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. "எது நன்றாகச் சுத்தம் செய்யும்?" என்பது இரண்டாவது கேள்வி. "துடைத்த பிறகு அந்தத் திரவம் எங்கே போகும்?" என்பதுதான் முதல் கேள்வி. அது எங்கும் மாயமாகிவிடாது. ஆவியாகி அந்த அறையின் காற்றில்தான் கலக்கும். அந்தக் காற்றைத்தான் உங்கள் பிள்ளை சுவாசிக்கிறது.

முதலில் கறுப்பு ஏன் வருகிறது என்று பார்ப்போம். பரவலாக ஓடும் எச்.ஓ. அளவு ரயிலில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. தூரம். மோட்டாருக்கான மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகவே போகிறது. சக்கரம் உருளும்போது தொடும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு பொறிகள் எழும். அந்தப் பொறியில் உருவாகும் உலோக ஆக்சைடு, தூசி, வண்டியிலிருந்து கசியும் எண்ணெய் மூன்றும் சேர்ந்ததுதான் அந்தக் கறுப்புப் படிவு. தண்டவாளம் பெரும்பாலும் நிக்கல் சில்வர். நம் பாத்திரக் கடையில் ஜெர்மன் சில்வர் என்பார்களே, அதேதான். பெயரில் வெள்ளி இருந்தாலும் உள்ளே செம்பு, துத்தநாகம், நிக்கல் மட்டுமே.

பொறி என்றேன் அல்லவா? அதை மனதில் வைத்துக்கொண்டு பாட்டில்களைப் பார்ப்போம்.

பெட்ரோல், பெயின்ட் தின்னர், அசிட்டோன் மூன்றும் வேண்டவே வேண்டாம். அசிட்டோன் என்பது நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் இருப்பது. தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டைகளையே அது கரைத்துவிடும். மூன்றின் ஆவியும் சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கக் கூடியது.

ஐசோபுரோபைல் ஆல்கஹால் பலரும் பயன்படுத்துவது. பிளாஸ்டிக்கை அவ்வளவாகக் கெடுக்காது, சீக்கிரம் காயும். ஆனால் சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே தங்கும். மேசைக்குக் கீழே உட்கார்ந்து விளையாடுவது யார்? ஆகவே மின்சாரத்தை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, துணியில் சில சொட்டு விட்டுத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே ரயிலை ஓட்டுங்கள். கைக்கு ஊற்றும் சானிடைசரும் ஆல்கஹால்தானே என்று அதை எடுக்காதீர்கள். அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், பிசுபிசுப்பு தங்கிவிடும்.

அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் பலர், மண்ணெண்ணெய், மினரல் ஸ்பிரிட் போன்ற முனைவற்ற கரைப்பான்களால் துடைத்தால் கறுப்பு திரும்ப வர நாளாகும் என்கிறார்கள். பத்தாம் வகுப்பில் கரைப்பான் பாடம் நினைவிருந்தால் இது புரியும். இவை ஆல்கஹாலைப் போல எளிதில் தீப்பிடிக்காது என்பதும் உண்மை. ஆனால் மெதுவாகக் காயும், வாடை நிற்கும், மிச்சம் இருந்தால் தூசியைப் பிடித்து வைக்கும். துடைத்த பின் உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தே ஆக வேண்டும். எதை வாங்கினாலும் முதலில் கண்ணில் படாத ஒரு ஓரத்தில் தடவிப் பாருங்கள்.

"சார், அந்தக் காலத்தில் எல்லாம் ஒரே துடைப்பில் போகுமே" என்பவர்களுக்கு ஒரு செய்தி. கார்பன் டெட்ராகுளோரைடு என்ற திரவம் துணி வெளுப்பதற்கும் பிசுக்கு நீக்குவதற்கும் வீடுகளில் தாராளமாகப் புழங்கியது. தீப்பிடிக்காது, பிரமாதமாகச் சுத்தம் செய்யும். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது என்பதால் 1970இல் அமெரிக்கா அதை வீட்டு உபயோகப் பொருள்களிலிருந்து விலக்கியது. நன்றாகச் சுத்தம் செய்வது மட்டுமே ஒரு திரவத்துக்கு நற்சான்று ஆகாது.

என்னைக் கேட்டால், பாட்டில் கடைசி வழி. வாரம் ஒருமுறை பழைய பருத்தி வேட்டித் துணியை ஒரு சிறு மரக்கட்டையில் சுற்றித் தண்டவாளத்தின் மேல் தேயுங்கள். பாதிக் கறுப்பு அதிலேயே வந்துவிடும். பிளாஸ்டிக் சக்கரங்களில் அழுக்கு அதிகம் ஒட்டும், முடிந்தால் உலோகச் சக்கரம் மாற்றுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அது போடும் கீறல்களில் அழுக்கு இன்னும் தங்கும். இரும்பு நார் அறவே கூடாது. உதிர்ந்த துகளை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. எந்தத் திரவத்தையும் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று நினைத்துக் குழந்தைகள் குடிப்பது நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதல்ல. அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. திரவம் நுரையீரலுக்குள் போய்விடும், ஆபத்து அதில்தான் அதிகம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ரயில் ஒரு நாள் நின்றால் நிற்கட்டும். லேபிளைப் படித்துவிட்டு மூடியைத் திறங்கள். பிள்ளைகளுக்கும் அதைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் வேதியியல் வாத்தியார்